கண்ணாடி ஆறும் நேரம்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள சிற்றூர் கார்னிங். அங்குள்ள கண்ணாடித் தொழிற்சாலை தன் நூறாம் ஆண்டையொட்டி 1951-ல் தொடங்கியதுதான் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகம். சுமார் 3,500 ஆண்டு வரலாற்றைச் சொல்லும் 50,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் இங்கே உள்ளன. 1972 ஜூன் மாதம் ஆக்னஸ் புயலால் ஆற்று வெள்ளம் உள்ளே புகுந்து நூற்றுக்கணக்கான பொருள்களைச் சேதப்படுத்தியது. உடைந்தவற்றைப் பொறுமையாக ஒட்டிச் சீராக்கி அருங்காட்சியகம் மீண்டு வந்தது.

மிகப் பழைய பொருள்களுள் ஒன்று, எகிப்து மன்னர் இரண்டாம் அமென்ஹோட்டெப்பினுடையது என்று கருதப்படும் தலைச் சிற்பம். உயரம் சுமார் 4 சென்டிமீட்டர்தான். முதலில் நீலமாக இருந்த கண்ணாடி, காலப்போக்கில் மேற்பரப்பு சிதைந்து மங்கிய பழுப்பாகிவிட்டது. ஆனாலும் உதடும் கன்னமும் தெளிவாகத் தெரிகின்றன. பெரிய சிற்பங்களைப் பார்க்கும் அவசரத்தில் பலரும் இதைத் தாண்டிப் போய்விடக்கூடும். நின்று பார்க்க வேண்டிய பொருள் இது.

அந்தக் காலத்தில் ஊதும் முறை கிடையாது. கம்பி முனையில் களிமண் கலவையை அச்சாகப் பிடித்து, அதன்மேல் உருகிய கண்ணாடியைச் சுற்றுவார்கள். ஆறியதும் உள்ளே இருக்கும் மண்ணைச் சுரண்டி எடுத்தால் சிறு குப்பி கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் வேலை அதிகம் என்பதால் கண்ணாடி செல்வர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. கி.மு. முதல் நூற்றாண்டில் மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் குழாயால் ஊதும் முறை பிறந்தது. அதன்பிறகு சாதாரண வீடுகளிலும் கண்ணாடிக் குவளை புழங்கத் தொடங்கியது.

மணல்தான் கண்ணாடிக்கு மூலம். அது தனியே உருக சுமார் 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். சோடா சேர்த்தால் அந்த அளவு குறையும். ஆனால் அதை மட்டும் சேர்த்த கண்ணாடி தண்ணீரில் கரையும். சுண்ணாம்பு கலந்தால்தான் நிலைக்கும்.

அருங்காட்சியகத்தின் பட்டறையில் வருகையாளர்களும் கண்ணாடி ஊதிப் பார்க்கலாம். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து உலையருகே நிற்க வேண்டும். கைதேர்ந்த கலைஞர் ஒருவர் நீண்ட இரும்புக் குழாயின் முனையில் தேன்போல் குழைந்த கண்ணாடியைச் சுற்றி எடுத்து, வண்ணத் துகள்களில் உருட்டி, மறுபடி சூடேற்றுகிறார். வருகையாளர் ஊத, முனையில் சிறு குமிழ் விரிகிறது. இதற்கிடையே குழாய் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். நின்றால் கண்ணாடி ஒருபக்கம் தொங்கிவிடும். இத்தொழிலின் கடினம் ஊதுவதைவிடச் சுழற்றுவதில்தான் இருக்கிறது.

செய்த பொருளை உடனே கையில் தருவதில்லை. வெளிப்புறம் விரைவாகவும் உட்புறம் மெதுவாகவும் குளிர்ந்தால் உள்ளே இழுவிசை தங்கி, பின்னொரு நாள் தானாகவே வெடித்துவிடும். எனவே சுமார் 500 டிகிரி சூட்டில் உள்ள அடுப்பில் வைத்து இரவு முழுக்க மெல்ல ஆறவிடுகிறார்கள்.

பொருள் பருமனானால் ஆறும் காலமும் நீளும். கலிபோர்னியாவின் பாலோமர் மலையிலுள்ள ஹேல் தொலைநோக்கியின் ஆடிக்காக 200 அங்குலக் கண்ணாடி வட்டை கார்னிங் தொழிற்சாலை 1934 மார்ச்சில் வார்த்தது. உருகிய கண்ணாடியில் அச்சின் பகுதிகள் பிய்ந்து மிதந்ததால் வட்டு பழுதானது. அதுவே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் வார்த்த இரண்டாவது வட்டு ஆற மாதக்கணக்கில் ஆனது. 1936-ல் ரயிலேறிக் கலிபோர்னியா சென்ற அந்த வட்டுதான் இன்றும் அத்தொலைநோக்கியின் ஆடியாக உள்ளது.