திக்லிபூரில் மின்னலும் மின்னணுக் கருவிகளும்

வடக்கு அந்தமானில் 732 மீட்டர் உயரமுள்ள சேடில் சிகரத்தை அடுத்து அமைந்துள்ளது திக்லிபூர். அந்தமான் நிக்கோபார் தீவுகளின் முதல் நீர்மின் நிலையமான கல்பாங் திட்டம் (5.25 மெகாவாட்) 2001ஆம் ஆண்டில் இதன் அருகில்தான் இயங்கத் தொடங்கிற்று. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற தலைநகர் போர்ட் பிளேர், சாலை வழியே 300 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. மருத்துவமனையிலோ தொலைத்தொடர்பு நிலையத்திலோ ஒரு மின்சுற்றுப் பலகை கருகிவிட்டால், அதற்கு மாற்று பெரும்பாலும் கடல் கடந்துதான் வரவேண்டும். புயற்காலத்தில் இத்தாமதம் உயிர்ப் பிரச்சினையாகவே ஆகிவிடக்கூடும்.

மின்னல் கட்டடத்தின் மீது நேரடியாக விழுந்தால்தான் கருவி கெடும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், தொலைவில் விழும் மின்னலும் மின்கம்பி, தொலைபேசிக் கம்பி, ஆன்டெனாக் கம்பி ஆகியவற்றில் மிகை மின்னழுத்தத்தைத் தூண்டி உள்ளே அனுப்பிவிடுகிறது. காட்டினூடே நெடுந்தூரம் செல்லும் கம்பிகள் இதற்கு நல்ல வாயில்கள். பழைய வானொலி வால்வுகள் தாங்கிய அதிர்ச்சியை இன்றைய நுண்சில்லுகள் தாங்கா.

இடிதாங்கி கட்டடத்தைக் காக்கும். அது மட்டுமே கருவியைக் காக்காது. ஒரு சாதாரண மின்னலின் உச்ச மின்னோட்டம் சுமார் 30,000 ஆம்பியர். நிலத்தொடர்பின் மின்தடை 10 ஓம் எனில், அந்நொடியில் அங்கு எழும் மின்னழுத்தம் 3 இலட்சம் வோல்ட்! இடிதாங்கிக்கு ஒரு நிலத்தொடர்பும் கணிப்பொறிக்கு வேறொன்றும் தனித்தனியே இருக்குமாயின், இரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாடு முழுவதும் கருவியின் வழியே பாய முற்படும். ‘தூய நிலத்தொடர்பு’ என்று தனியே குழி தோண்டும் வழக்கம் தீமையே பயக்கும். எல்லா நிலத்தொடர்புகளையும் ஒன்றாகப் பிணைத்துவிட்டால், மின்னழுத்தம் உயர்ந்தாலும் அனைத்தும் சேர்ந்தே உயரும். கருவிக்குள் வேறுபாடு பெரிதும் குறைந்துவிடும்.

கம்பிகள் கட்டடத்தினுள் நுழையும் இடத்திலேயே மிகை மின்னழுத்தத் தடுப்பானைப் பொருத்த வேண்டும். 1960களின் பிற்பகுதியில் ஜப்பானில் உருவான துத்தநாக ஆக்சைடு தடுப்பான் இதற்கு ஏற்றது. ஆனால் அதன் இணைப்புக் கம்பி நீளமாக இருப்பின் பயன் குன்றும். மின்னோட்டம் ஒரு மைக்ரோ விநாடிக்கு 10,000 ஆம்பியர் வீதம் உயரும்போது, ஒரு மீட்டர் கம்பியில் மட்டுமே ஏறத்தாழ 10,000 வோல்ட் எழும். நல்ல தடுப்பானை வாங்கி நீண்ட கம்பியில் தொங்கவிடுவது வீண் செலவு.

அணு வெடிப்பினால் எழும் மின்காந்தத் துடிப்பு இதைவிட விரைவானது. 1962 ஜூலை 9ஆம் நாள், பசிபிக் பெருங்கடலின் ஜான்ஸ்டன் தீவுக்கு மேல் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்கா ஒரு குண்டை வெடித்தது. 1,400 கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஹவாயில் தெருவிளக்குகள் அணைந்தன. நானோ விநாடிகளில் எழும் இத்துடிப்புக்கு, மின்னலுக்கெனச் செய்த தடுப்பான் மட்டும் போதாது. இடைவெளியற்ற உலோக உறையும், கம்பி நுழையுமிடத்தில் வடிப்பானும் தேவை. ஆயினும், பொது அலுவலகங்களின் முதற்கவலை மின்னலே.

ஒளியிழை மின்சாரத்தைக் கடத்தாது. எனினும் அதன் வடத்தில் வலுவூட்டும் எஃகுக் கம்பி கடத்தும். அதையும் நுழைவாயிலிலேயே பிணைப்புப் பட்டையுடன் இணைப்பது அவசியம். உப்புக்காற்று இணைப்புகளின் மரைகளை அரித்துவிடுவதால், பருவமழைக்கு முந்திய இடிமழைக் காலமான ஏப்ரலுக்கு முன்னரே இணைப்புகளைத் திறந்து பார்த்து, நிலத்தடையை அளந்து பதிவேட்டில் குறித்தல் வேண்டும். மண் உலர்ந்து தடை மிகுந்திருக்கும் மாதங்களும் அவையே.