வாசக் கொடி என்று நட்டுவிடாதீர்கள்

மெல்லிய வாசத்தோடு வெள்ளையாகப் பூக்கும் கொடியொன்றை லயத்து வேலிக்கு அழகென்று நட நினைக்கலாம். அது மைக்கானியாவாக இருந்தால் நடவேண்டாம்.

தென், மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த இக்கொடிக்கு 'நிமிடத்துக்கு ஒரு மைல்' என்ற பட்டப்பெயர் உண்டு. இதய வடிவ இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே நிற்கும். சிறு பூக்கள் கொத்தாகப் பூக்கும். விதை பஞ்சோடு காற்றில் பறக்கும். வெட்டிப்போட்ட தண்டும் கணுவில் வேர்விடும். நுவரெலியாக் குளிர் இதற்கு ஒத்துவராது. ஹட்டனிலிருந்து கீழே இறங்க இறங்க, வெப்பமும் ஈரமும் கூடுவதால் செழிக்கும்.

தேயிலைச் செடியை மூடி வெயிலை மறைத்தால் கொழுந்து குறையும். நிறுக்கும் கிலோவும் தொழிலாளியின் கைக்காசும் குறையும். ஆகவே பூக்கும் முன்பே வேரோடு பிடுங்கிக் காயவையுங்கள். ஓடையில் வீசினால் அடுத்த தோட்டத்திலும் முளைக்கும். வேலிக்கு வாசம் வேண்டுமென்றால் பிச்சி போதும்.