விமானத்தின் உட்புறத்துக்கு வண்ணம்

வீட்டுக் கொட்டகையில் ஒருவர் தம் கையாலேயே விமானம் கட்டிப் பறக்க முடியுமா? அமெரிக்காவில் முடியும். பாதிக்கு மேற்பட்ட வேலையைக் கல்விக்காகவோ பொழுதுபோக்காகவோ தாமே செய்திருக்க வேண்டும் என்பதே அங்குள்ள விதி. 1973-இல் ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன் தொடங்கிய வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் பாகங்களைக் கொண்டு மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு விமானங்கள் இவ்வாறு உருவாகியுள்ளன.

இவற்றைப் பற்றிப் படித்தபோது என் மனம் எஞ்சினை நாடவில்லை, பெயிண்டையே நாடிற்று. என் தந்தை பெயிண்டர் என்பது அதற்குக் காரணமாக இருக்கலாம்.

விமானத்தின் உட்புறத்துக்கு வண்ணம் பூசுவது அழகுக்காக மட்டும் அன்று. இவ்வகை விமானங்களின் தகடு பெரும்பாலும் 2024 என்னும் அலுமினியக் கலவை. அதில் சுமார் 4 விழுக்காடு செம்பு உண்டு. செம்பு வலிமை தருகிறது. ஆனால் அரிப்புக்கும் இடம் கொடுக்கிறது. ஆகவே தகட்டின் இருபுறமும் தூய அலுமினியத்தை மெல்லிய போர்வையாகச் சேர்த்துத் தயாரிக்கிறார்கள். இதற்கு அல்கிளாட் என்று பெயர். இப்போர்வையே போதும், பிரைமர் வேண்டாம் என்பாரும் உண்டு. எனினும் வெட்டிய ஓரத்திலும் துளையிட்ட இடத்திலும் போர்வை இல்லை என்பதை நாம் மறக்கலாகாது.

இங்கேதான் காலம் முக்கியமாகிறது. இரு தகடுகளை ரிவெட் அடித்து இணைத்தபின் அவற்றின் இடைவெளிக்குள் தூரிகை நுழையாது. எனவே பிரைமரை இணைப்பதற்கு முன்பே பூசவேண்டும். தரைத்தகட்டை மூடுமுன், மின்கம்பிகளையும் கருவிகளையும் பொருத்துமுன் உட்புற வண்ணத்தை முடித்துவிடுவது நல்லது. நம் ஊரில் நிலை வைக்குமுன் அதன் சுவர்ப்பக்கத்துக்குத் தார் பூசுவதில்லையா? அதே அறிவுதான் இதுவும்.

பூசக்கூடாத இடங்களும் உண்டு. மின்சாரம் உடற்தகடு வழியே திரும்பும் இணைப்புகளில் பெயிண்ட் இருந்தால் மின்னோட்டம் தடைப்படும். மரையிலும் பேரிங்கிலும் பெயிண்ட் படக்கூடாது. அக்ரிலிக் கண்ணாடி மேல் அசிட்டோன் பட்டால் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும்.

நிறத்திலும் காரணம் இருக்கிறது. கருவிப் பலகையின் மேற்பரப்புக்குப் பளபளப்பற்ற கருநிறம் பூசுவர். இல்லையேல் வெயில் கண்ணாடியில் எதிரொளித்து விமானியின் கண்ணை மறைக்கும். மற்ற இடங்களில் வெளிர்நிறம் பூசினால் எண்ணெய்க் கசிவும் விரிசலும் எளிதில் தெரியும். ஆனால் அளவு மிகக்கூடாது. பெயிண்டிலுள்ள கரைப்பான் ஆவியாகிவிடும். பிசினும் நிறமியும் எடையாகத் தங்கிவிடும். வெற்று எடையே ஏறக்குறைய 500 கிலோ உள்ள விமானத்தில் ஒவ்வொரு கிலோவும் கணக்குத்தான்.

இனிச் சொல்லவேண்டியது உடல்நலம். பழைய ஜிங்க் குரோமேட் பிரைமரிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் விளைவிப்பது. இரு கலவையாக வரும் பாலியூரிதேன் பெயிண்டிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. குறுகிய உட்புறத்தில் தெளிக்கும்போது ஆபத்து இன்னும் அதிகம். வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடியே இதற்குத் தக்க பாதுகாப்பு. துணி போதிய பாதுகாப்புத் தராது.

இதைப் படித்த அன்றிரவு தந்தையிடம் சொன்னேன். அவர் முன்பு ஒரு பட்டறையில் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு இந்தப் பெயிண்டைத்தான் தெளித்துவந்தார். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்போ அத்தனை வருஷம் துண்டு கட்டினது சும்மாதானா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல இயலவில்லை.

தம் விமானத்துக்குத் தாமே வண்ணம் பூசுபவர் முகமூடியைத் தாமே வாங்கிக்கொள்கிறார். கூலிக்குப் பூசுபவருக்கு யாராவது அதை எடுத்துச் சொல்லவேண்டும். வேதியியல் படிக்கும் நமக்கு அக்கடமை உண்டு என்று எண்ணியே இதனை எழுதினேன்.