சிறுநீரகம் தளர்ந்தவருக்குச் சோறு எது, கறி எது?

வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பியவரை அடுப்படியில் நிற்பவர் கேட்கும் முதற் கேள்வி, ‘‘டொக்டர் என்ன சொன்னார்?’’ என்பது. அடுத்த கேள்வி, ‘‘இனி என்ன சமைக்கிறது?’’ என்பது. முதற் கேள்விக்கு விடை கிளினிக் கொப்பியில் எழுதப்பட்டிருக்கும். இரண்டாவதற்கு விடை எளிதிற் கிடைப்பதில்லை. நீடித்த சிறுநீரக நோய் என்ற பெயர் காதில் விழுந்தவுடன், பக்கத்து லயத்தார் ஒருவர் பருப்பை விலக்கு என்பார். இன்னொருவர் கீரையைத் தொடாதே என்பார். கொழும்பில் வேலை பார்க்கும் மருமகன் கைத்தொலைபேசியில் நீண்டதொரு பட்டியலை அனுப்பி வைப்பார். அனைத்தையும் ஒருங்கே கைக்கொண்டால் உண்ணத் தக்கதாய் எஞ்சுவது வெள்ளைச் சோறும் வெந்நீருமே.

லிந்துலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் எமக்கு இந்த இரண்டாவது கேள்வி மாணவர் வாயிலாகவே வந்து சேர்கிறது. நாம் வைத்தியரல்லோம், மருந்து சொல்ல எமக்கு உரிமையுமில்லை. ஆயினும் நூல்களைப் புரட்டியும், அறிந்த வைத்தியர்களைக் கேட்டும் தெளிந்தவற்றை வாசகர் முன் வைப்பது தகும் என்று கருதுகின்றோம்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். சிறுநீரக நோய் என்றதும் இந்நாட்டில் எவருக்கும் நினைவுக்கு வருவது அநுராதபுரமும் பொலன்னறுவையுமே. 1990களிலிருந்து வட மத்திய மாகாணத்து விவசாயிகளிடையே பரவலாகக் கண்டறியப்பட்ட அந்நோய்க்கு இதுவே காரணம் என்று அறுதியிட்டுக் கூற விஞ்ஞானிகளால் இன்றளவும் இயலவில்லை. பொலன்னறுவையில் சீன நாட்டின் உதவியுடன் எழுந்த சிறுநீரக வைத்தியசாலை 2021இல் திறக்கப்பட்டது. அதனால் மலைநாட்டு மக்களும் தம் நோய்க்குத் தண்ணீரையே குற்றஞ் சாட்டிவிட்டு அமைகின்றனர். உலகெங்கும் சிறுநீரகத்தைப் பழுதாக்குவனவற்றுள் முன்னிற்பவை நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமுமாகும். தேயிலை மலையில் வாழ்வோர் முதலில் ஐயுற வேண்டியவையும் இவ்விரண்டே. இவை பெரும்பாலும் வலியின்றியே தம் வேலையைச் செய்வன; கால் வீங்கும்போதுதான் பலர் விழித்துக்கொள்கின்றனர்.

சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லீற்றர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் ஒன்றிரண்டு லீற்றர் மட்டுமே சிறுநீராக வெளியேற, எஞ்சியது மீண்டும் இரத்தத்தோடு சேர்கிறது. மிகையான உப்பு, பொட்டாசியம், பொஸ்பரசு, புரதம் செரித்தபின் எஞ்சும் யூரியா ஆகிய கழிவுகள் இவ்வழியே நீங்குகின்றன. வடிகட்டும் ஆற்றல் நிமிடத்திற்கு 90 மில்லிலீற்றரோ அதற்கு மேலோ இருப்பின் நன்று. 15க்குக் கீழே இறங்கினால் சிறுநீரகம் செயலிழந்ததாகக் கொள்வர். இவ்விரண்டு எல்லைகளுக்கும் இடையே நோயைப் பல படிகளாக வகுத்துள்ளனர். எந்தப் படியில் நிற்கிறார், அவர் இரத்தத்தில் எது மிகுந்துள்ளது என்பதை அறியாமல் ‘‘இதை உண், அதை உண்ணாதே’’ என்று சொல்வது, அளவெடுக்காமல் சட்டை தைப்பதற்கு ஒப்பாகும்.

எமது மாணவி ஒருத்தியின் தாயார் கொழுந்து பறிப்பவர்; பல்லாண்டு நீரிழிவுக்காரர். நீரிழிவுக்கென்று கொடுத்த தாளில் சிவப்பரிசி, கீரை, பயறு ஆகியவற்றை உண்ணும்படி எழுதியிருந்தது. சிறுநீரகம் தளர்ந்தது தெரிந்தபின், எவரோ கொடுத்த மற்றொரு தாளில் அம்மூன்றும் விலக்கப்பட்டிருந்தன. இரண்டு தாளுக்கும் அஞ்சிய அந்த அம்மையார், பாணும் தேநீருமாகக் காலம் கழிக்கலானார். மூன்று மாதத்தில் உடல் மெலிந்து, கூடையைச் சுமக்கவும் வலுவிழந்தார். பிறகு வைத்தியர் இரத்தத்தைச் சோதித்தபோது பொட்டாசியம் உரிய அளவிலேயே இருந்தது. கீரையையும் பயறையும் அவர் விலக்கியதற்கு எந்தத் தேவையும் இருக்கவில்லை! அவர் குறைத்திருக்க வேண்டியது உப்பை. அதையோ எவரும் பட்டியலில் முதலில் எழுதவில்லை.

ஆகவே உப்பிலிருந்தே தொடங்குவோம். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு வேண்டுமென்கிறது. அதாவது தேக்கரண்டி மட்டமாக ஒன்று. ஐவர் உள்ள வீட்டில் மாதத்திற்கு 750 கிராம். இதனுள் அடுப்படி உப்பு மட்டுமன்று, பாணில் உள்ளதும் கருவாட்டில் உள்ளதும் அடங்கும். உங்கள் வீட்டில் மாதத்திற்கு எத்தனை பக்கெட் உப்பு முடிகிறது என்பதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்; எந்தச் சோதனைக் கூடத்திற்கும் போகாமலே ஒரு விடை கிடைத்துவிடும்.

தோட்டத்து உணவில் உப்பு ஒளிந்திருக்கும் இடங்கள் சில உண்டு. கருவாடும் நெத்தலியும் ஏழையின் மீன். குளிரிலும் மழையிலும் நின்று வேலை செய்து வந்தவருக்குக் காரசாரமான கருவாட்டுக் குழம்பு எத்துணை உவப்பானது என்பதை நாம் அறிவோம். ஆயினும் உப்புக் கருவாடு சிறுநீரக நோயாளருக்கு ஆகாது. நீரை மாற்றி மாற்றி ஊறவைத்தால் உப்பு ஓரளவு குறையுமேயன்றி நீங்கிவிடாது. ஊறுகாய், அப்பளம், சுவையூட்டும் சூப்புக் கட்டி, பக்கெட் நூடில்ஸ் ஆகியவையும் இவ்வகையினவே. ரொட்டிக்கு மாப் பிசையும்போது உப்பைப் பாதியாக்கிச் சம்பலில் தேசிக்காய்ப் புளியைக் கூட்டினால் நாக்கு இரண்டொரு வாரத்தில் பழகிவிடும். மிளகும் இஞ்சியும் உள்ளியும் கறிவேப்பிலையும் இருக்கும்போது சுவைக்குப் பஞ்சமில்லை. ‘‘சோடியம் குறைந்த உப்பு’’ என்று விற்பதை மட்டும் வைத்தியரைக் கேளாமல் வாங்க வேண்டாம். அதில் சோடியத்தின் இடத்தைப் பிடித்திருப்பது பெரும்பாலும் பொட்டாசியமே.

அந்தப் பொட்டாசியம் எல்லா நோயாளருக்கும் பகையன்று. இரத்தத்தில் லீற்றருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருப்பது வழமை. 6ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். அவ்வாறு மிகுந்தவருக்கே கட்டுப்பாடு கடுமையாக வேண்டும். அவருக்குத்தான் இளநீரும் செவ்விளநீரும் ஆபத்தாகின்றன. உடற்சூடு தணிய இளநீர் கொடுப்பது நம் வழக்கம். அன்பினால் கொடுக்கும் அந்தச் செம்பே தீங்காய் முடியலாம். பெரிய வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 400 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. இவர்கள் கொய்யாவையும் வாழையையும் குறைத்து, அன்னாசி, அப்பிள், நுவரெலியாப் பக்கத்துப் பேரிக்காய் ஆகியவற்றில் அளவாக ஒரு துண்டை எடுத்துக்கொள்ளலாம்.

மரக்கறிகளிலும் நமது மலை வளமானது. லிந்துலையிலும் தலவாக்கலையிலும் வீட்டுக்கு வீடு தோட்டம் போட்டு விளைவிப்பவை கரட், கோவா, லீக்ஸ், போஞ்சி, உருளைக்கிழங்கு முதலியன. இவற்றுள் கோவா பொட்டாசியம் குறைந்தது. உருளைக்கிழங்கு மிகுந்தது. எனினும் உருளைக்கிழங்கை அடியோடு தள்ளிவிட வேண்டியதில்லை. தோலைச் சீவி, சிறு துண்டுகளாக வெட்டி, நிறைய நீரில் நன்றாக வேகவைத்து அந்நீரைக் கொட்டிவிட்டால், அதிலுள்ள பொட்டாசியத்திற் பாதியளவோ அதற்கு மேலோ நீரோடு போய்விடும். கீரைக்கும் இதே முறை பொருந்தும். வெட்டாமல் ஊறவைப்பதால் பயன் சொற்பம். ஆவியில் அவித்தாலும் சத்து அங்கேயே தங்கிவிடும். ஒன்றை மட்டும் மறக்கலாகாது: வடித்த நீரைச் ‘சத்து வீணாகிறதே’ என்று இரசத்தில் சேர்த்துவிட்டால் செய்த வேலையெல்லாம் பாழ். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கோ அந்தச் சத்து வேண்டும். ஆதலின் காயை வெட்டும்போதே நோயாளரின் பங்கைத் தனியே எடுத்து வேகவைத்தால், பின் தாளிப்பை ஒன்றாகவே செய்துகொள்ளலாம்.

இவ்விடத்தில் ஒரு பழைய வரலாறு நினைவுக்கு வருகிறது. வோல்டர் கெம்ப்னர் என்ற ஜெர்மானிய வைத்தியர் 1934இல் அமெரிக்கா சென்று வட கரோலினாவிலுள்ள டியூக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரம் நடைமுறைக்கு வராத காலம் அது. 1939 அளவில் அவர் சிறுநீரக நோயாளருக்கும் இரத்த அழுத்தம் மிகுந்தோருக்கும் வெறும் சோறு, பழம், பழச்சாறு, சீனி ஆகியவற்றை மட்டும் கொடுத்துப் பார்க்கலானார். உப்பு அறவே இல்லை. புரதம் நாளொன்றுக்கு 20 கிராம் அளவு. நோயாளி ஒருத்தியிடம் இரண்டு வாரம் இப்படி உண்டு வா என்று அவர் சொன்னதை, அவரது ஜெர்மானிய உச்சரிப்பினால் இரண்டு மாதம் என்று அப்பெண்மணி விளங்கிக்கொண்டு, வியக்கத்தக்க அளவு நலம் பெற்றுத் திரும்பினாள் என்று சொல்வதுண்டு. கெம்ப்னர் தம் முடிவுகளை 1944இல் வெளியிட்டார். அரிசிச் சோறு நம் பரம்பரை உணவு என்பதற்காக நாம் இதைக் கொண்டாடவில்லை; அந்த உணவை உப்பின்றி நாள்தோறும் உண்பது எவருக்கும் தாங்க முடியாத தண்டனை. பழச்சாறு பொட்டாசியம் மிகுந்தவரைக் கெடுக்கும். சீனி நீரிழிவுக்காரரைக் கெடுக்கும். ஆயினும் வெள்ளைச் சோற்றில் உப்பும் பொட்டாசியமும் குறைவு என்பது உண்மையே. சோறு சிறுநீரகத்திற்குப் பகை என்று எண்ணி அதைத் துறப்போர் அஞ்ச வேண்டியது சோற்றையன்று, அதன்மேல் ஊற்றும் குழம்பை. நீரிழிவும் உடையவர் சோற்றின் அளவை வைத்தியரிடம் கேட்டு வரையறுத்துக்கொள்வாராக.

புரதத்தைப் பற்றி நிலவும் குழப்பமே எல்லாவற்றிலும் பெரிது. இரத்தச் சுத்திகரிப்புத் தொடங்காத, நோய் சற்று முற்றியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் அளவே இப்போது சொல்லப்படுகிறது. 50 கிலோ எடையுள்ளவருக்கு அது 40 கிராம். சோறும் ரொட்டியும் பருப்பும் இதிற் பெரும் பங்கைக் கொடுத்துவிடும். ஒரு முட்டையில் 6 கிராம் உண்டு. அதே மனிதர் இயந்திரச் சுத்திகரிப்புக்குப் போகத் தொடங்கினால் அளவு தலைகீழாகிறது. அப்போது அவருக்கு 50 முதல் 60 கிராம் வரை வேண்டும். முட்டையும் மீனும் கோழியும் கூட்டப்பட வேண்டும். சுத்திகரிப்பின்போது உடல் புரதத்தை இழப்பதே காரணம். பழைய தாளையே பிடித்துக்கொண்டு, சுத்திகரிப்புக்குப் போய்வரும் தந்தைக்கு முட்டையை மறுக்கும் பிள்ளைகளும் உளர். அன்பு குறைவன்று, தாள் பழையது.

தண்ணீரும் அவ்வாறே. சிறுநீர் குறைந்து உடல் வீங்கியவருக்கே அளவு வேண்டும். மற்றவர் தாகத்திற்குக் குடிக்கலாம். மலையில் ஒதுங்க இடமின்றிக் காலை முதல் மாலை வரை நீரருந்தாமல் கொழுந்து பறிக்கும் பெண்களின் நிலையோ வேறு. அதைத் திருத்த வேண்டியவர் வைத்தியரல்லர்.

பொஸ்பரசைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பருப்பிலும் பயறிலும் உள்ளதை உடல் பாதியளவே ஏற்கிறது. கோலாப் பானத்திலும் சொசேஜ் முதலிய பதப்படுத்திய இறைச்சியிலும் சேர்த்ததைப் பெரும்பாலும் முழுதாய் ஏற்கிறது. பால்மாத் தேநீரை நாளைக்கு ஐந்தாறு முறை அருந்துவோர் வெறுந்தேநீருக்கு மாறுதல் நன்று.

முற்றாக விலக்க வேண்டியது ஒரு பழம். சிங்களத்தில் காமரங்கா எனப்படும், குறுக்கே வெட்டினால் விண்மீன் வடிவாய்த் தோன்றும் புளிப்புப் பழம் அது. பிரேசில் நாட்டு விஞ்ஞானிகள் அதிலுள்ள நஞ்சை 2013இல் இனங்கண்டு கராம்பொக்சின் என்று பெயரிட்டனர். நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும்; தளர்ந்த சிறுநீரகத்தால் இயலாது. தீராத விக்கலில் தொடங்கி, வலிப்பும் மரணமும் வரை அது கொண்டு செல்லும். கை மருந்திலும் கவனம் வேண்டும். ஆடுதீண்டாப்பாளை இனத்து மூலிகைகளில் சிறுநீரகத்தை அழிக்கும் அமிலம் உள்ளது. பெல்ஜியத்தில் உடல் மெலிய மருந்துண்ட பெண்கள் பலர் அவ்வினத்து மூலிகை ஒன்றினால் சிறுநீரகம் இழந்தது 1993இல் வெளியானது. முதுகு நோவுக்குக் கடையில் வாங்கி விழுங்கும் டைக்குளோபெனக், புரூபென் போன்ற வலி மாத்திரைகளும் இந்நோயாளருக்கு ஆகாதவை.

நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ கிளினிக் போகும் நாள் என்றால் ஒரு நாட் சம்பளமும் பஸ் கட்டணமும் போய்விடும். அவ்வளவு செலவிட்டுப் போகிறவர் மாத்திரைப் பையோடு மட்டும் திரும்பலாகாது. பொட்டாசியம், பொஸ்பேற், அல்புமின், கிரியற்றினின் ஆகிய நான்கு எண்களையும் திகதியிட்டு ஒரு கொப்பியில் எழுதித் தரும்படி கேட்கலாம்; மேல் வகுப்புப் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் கூடச் சென்று அவனே எழுதிக்கொள்ளலாம். முந்திய வாரம் மூன்று வேளையும் உண்டதை அதே கொப்பியின் மறுபக்கத்தில் குறித்துச் சென்று, உணவு ஆலோசகர் இருந்தால் அவரிடமும், இல்லையேல் வைத்தியரிடமும் காட்டி, ‘‘இதில் எதைக் குறைக்க, எதை விட்டுவைக்க?’’ என்று கேட்க வேண்டும். சமைப்பவரும் உடன் போவது மிக நன்று. எத்தனை கரண்டி உப்பு என்பது அவருக்குத்தானே தெரியும்.