பனி உருண்டையில் சேமிக்கும் குளிர்

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் இருக்கிறது டெக்னோபார்க். 1990-இல் உருவான இது, இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. கடலோரப் புழுக்கத்தில் இத்தனை அலுவலகங்களையும் குளிர்விக்க ஏசி இடைவிடாமல் ஓட வேண்டும். வெளிநாட்டு நேரத்துக்கு வேலை நடப்பதால் பொழுது சாய்ந்த பிறகும் அது ஓயாது. அதே வேளையில்தான் வீடுகளிலும் மின்தேவை ஏறுகிறது. 2024 கோடையில் கேரளத்தின் உச்சத் தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது.

இந்த உச்சத்தைத் தணிக்க, மின்சாரம் தாராளமாகக் கிடைக்கும் நேரத்தில் அதைச் சேமித்துவைக்கலாம். மின்சாரத்தைச் சேமிக்கப் பேட்டரி வேண்டும். ஆனால் அந்த மின்சாரம் குளிரூட்டத்தான் என்றால், குளிர்ச்சியையே சேமித்துவிடலாமே! சென்னை தரமணியில் 2000-இல் திறக்கப்பட்ட டைடல் பார்க் அப்படியொரு சேமிப்பு அமைப்போடு கட்டப்பட்டது.

இதற்குத் துணை நிற்பது தண்ணீரின் ஓர் இயல்பு. ஒரு கிலோ குளிர்ந்த நீர் 7 டிகிரியிலிருந்து 12 டிகிரிக்கு ஏறும்போது சுமார் 21 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும். ஒரு கிலோ பனிக்கட்டியோ, பூஜ்ஜியம் டிகிரியிலேயே நின்றபடி உருகுவதற்கு மட்டும் 334 கிலோஜூலை வாங்கிக்கொள்ளும். ஏறத்தாழ பதினாறு மடங்கு! அதனால் சேமிப்புத் தொட்டி மிகவும் சிறிதாகிவிடுகிறது.

ஆனால் தொட்டி நீரை ஒரே பாளமாக உறையவைத்தால் வெப்பம் உள்ளே புகுந்து வெளியேற வழி போதாது. எனவே நீரைப் பிளாஸ்டிக் உருண்டைகளில் அடைக்கிறார்கள். பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டைகள் ஒரு கன மீட்டரில் ஆயிரம் அடங்கும். அவற்றின் மொத்த மேற்பரப்பு 30 சதுர மீட்டருக்கு மேல். அதே ஒரு கன மீட்டரை நிரப்பும் கனசதுரப் பாளத்துக்கோ வெறும் 6 சதுர மீட்டர்தான். அந்த ஆயிரம் உருண்டைகளும் உருகித் தரும் குளிர்ச்சி, ஒன்றரை டன் ஏசி ஒன்று எட்டு மணி நேரம் முழுத்திறனில் ஓடித் தருவதற்கு ஏறத்தாழ ஈடு.

உருண்டைகளின் இடுக்குகளில், உறைவதைத் தடுக்கும் கிளைக்கால் கலந்த நீர் ஓடும். சில்லர் எனும் குளிர்விப்பு இயந்திரம் அதைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே நாலைந்து டிகிரிக்குக் குளிர்வித்து அனுப்பும்போது, அது உறையாது. உருண்டைக்குள் இருக்கும் நீர் உறையும். தேவைப்படும் நேரத்தில் அதே கரைசல் கட்டடத்தின் வெப்பத்தை ஏந்திவந்து உருண்டைகளிடம் ஒப்படைக்கும்.

நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். அதற்கு இடம்விட்டு, சில உருண்டைகளில் குழிகள் வைத்திருப்பார்கள். பனி சேரச் சேர அந்தக் குழிகள் வெளியே தள்ளும். தொட்டியில் கரைசலின் மட்டமும் உயரும். எவ்வளவு குளிர் சேர்ந்திருக்கிறது என்று மட்டத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். தூய நீர் பூஜ்ஜியத்துக்குக் கீழே போயும் உறையாமல் அடம்பிடிக்கும் என்பதால், பனிப்படிகம் பிடித்து வளரத் துணைபுரியும் பொருளையும் சிறிதளவு சேர்ப்பதுண்டு.

இது மின்சாரத்தை மிச்சப்படுத்தும் கருவியல்ல. பனி உண்டாக்கச் சில்லர் இன்னும் தாழ்ந்த வெப்பநிலையில் ஓட வேண்டும். ஒவ்வொரு அலகுக் குளிர்ச்சிக்கும் கூடுதல் மின்சாரம் செலவாகும். ஆதாயம் நேரத்தில் இருக்கிறது. எந்த நேரத்து மின்சாரத்தைச் செலவிடுகிறோம் என்பதே கணக்கு.

அந்தக் கணக்குதான் இப்போது மாறிவருகிறது. இரவு 10 மணிக்கு மேல் மின்சாரம் மலிவு, அப்போது பனி செய்யலாம் என்பது பழைய பாடம். இன்று கேரள வீடுகளின் படுக்கையறை ஏசிகளால் கோடை உச்சமே இரவு பத்தைத் தாண்டி நீள்கிறது. மறுபுறம், கூரைதோறும் சூரியப் பலகைகள் பெருகி நண்பகலில் மின்சாரம் தாராளமாகக் கிடைக்கிறது. சூரிய ஒளி நேரத்துக் கட்டணம் வழக்கமான கட்டணத்தைவிடக் குறைந்தது 20 சதவீதமாவது தாழ்ந்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் விதிகள் 2023-இல் திருத்தப்பட்டன.

ஆகவே பகல் வெயிலில் பனி செய்து மாலையில் உருக்குவதே கழக்கூட்டம் போன்ற இடங்களுக்குப் பொருந்தும். பகலில் அலுவலகத்தையும் குளிர்வித்துப் பனியும் செய்யக் கூடுதல் சில்லர் திறன் வேண்டும். அந்தச் செலவு உண்மையானது. ஆனால் அடித்தளத்தில் தொட்டிக்கு இடம் ஒதுக்குவது கட்டும்போதுதான் எளிது, கட்டிய பிறகு கடினம். புதிய கட்டடங்களுக்கு வரைபடம் தீட்டுவோர் அந்த இடத்தை இப்போதே ஒதுக்கி வைக்க வேண்டும்.