மண் அணையைக் காப்போம்

அது 2019 ஆம் ஆண்டு, ஜூலை 2 ஆம் நாள். மகாராஷ்டிர மாநிலத்தில் இரத்தினகிரி மாவட்டம் இருக்கிறது. அங்கே திவரே என்று ஓர் ஊர். ஊருக்கு மேலே ஒரு மண் அணை இருந்தது. அன்று பலத்த மழை. அணை நிரம்பியது. இரவில் கரை உடைந்தது. வெள்ளம் ஊருக்குள் பாய்ந்தது. வீடுகளை அடித்துச் சென்றது. ஏறத்தாழ 20 பேர் இறந்து போனார்கள்.

அது மிகப் பழைய அணை அல்ல. கட்டி ஏறத்தாழ 20 ஆண்டுகளே ஆகியிருந்தன. கரையில் தண்ணீர் கசிகிறது என்று ஊர் மக்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனாலும் கரை காப்பாற்றப்படவில்லை. நண்டுகள் வளை தோண்டியதால்தான் கரை உடைந்தது என்று ஒரு பேச்சும் எழுந்தது. நண்டு வளை தோண்டுவது புதிதா? அந்த வளையைப் பார்ப்பது யார்? அடைப்பது யார்? அதுதான் கேள்வி.

இன்னோர் அணையின் கதையைப் பார்ப்போம். மத்தியப் பிரதேசத்தில் தார் மாவட்டம். அங்கே காரம் என்ற ஆற்றில் ஒரு மண் அணை கட்டி வந்தார்கள். 2022 ஆகஸ்டு மாதம் அதன் கரையில் கசிவு தெரிந்தது. உடனே 18 ஊர்களின் மக்களை மேட்டுப் பகுதிக்கு அனுப்பினார்கள். இராணுவமும் உதவிக்கு வந்தது. பக்கத்தில் ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வெளியே விட்டார்கள். யாரும் சாகவில்லை.

இரண்டும் மண் அணைகளே. இரண்டிலும் கசிவு முன்பே தெரிந்தது. ஓர் ஊர் அழிந்தது. 18 ஊர்கள் பிழைத்தன. கசிவைக் கண்டதும் வேலை நடந்ததா இல்லையா என்பதே வேறுபாடு.

மண் அணைக்கு எதிரிகள் யார்?

மண் கரை தன் எடையால் நிற்கிறது. நன்றாக இடித்து இறுக்கிய மண் தண்ணீரைத் தாங்கும். ஆனால் ஓடுகிற தண்ணீர் மண்ணை அரிக்கும். ஆகவே தண்ணீர் கரையின் மேல் ஓடக் கூடாது. கரைக்குள்ளும் ஓடக் கூடாது. மண் அணைக்கு வரும் பெரிய ஆபத்துகள் இவை இரண்டும்தான்.

முதல் ஆபத்து, கரை மேல் தண்ணீர் வழிவது. மிகுதியான தண்ணீர் போவதற்கு என்றே கலிங்கு இருக்கிறது. கலிங்கு அடைபட்டால் தண்ணீர் எங்கே போகும்? கரை மேல் ஏறும். மறுபக்கம் வழிந்து மண்ணை அரிக்கும். சில மணி நேரத்தில் கரையே போய்விடும்.

பெரிய அணைக்கும் இந்த ஆபத்து உண்டு. குஜராத்தில் மச்சு ஆற்றின் இரண்டாவது அணை 1979 ஆகஸ்டு 11 அன்று உடைந்தது. அணையால் வெளியேற்ற முடியாத அளவுக்கு வெள்ளம் வந்தது. மண் கரைகளின் மேல் தண்ணீர் வழிந்தது. கரைகள் உடைந்தன. மோர்பி நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

சில ஊர்களில் இன்னும் ஓர் அடி தண்ணீர் தேக்கலாம் என்று கலிங்கின் மேல் மண் மூட்டை அடுக்குகிறார்கள். சிலர் மீன் பிடிக்க வலை கட்டுகிறார்கள். வலையில் செத்தையும் முள்ளும் சேர்ந்து வழியை அடைக்கின்றன. ஓர் அடித் தண்ணீருக்கு ஆசைப்பட்டு ஊரை இழக்கலாமா?

கரையின் மேல் வண்டியும் டிராக்டரும் போனால் பள்ளம் விழும். மாடு இறங்கும் இடமும் தாழ்ந்து போகும். கரை பத்து அடி உயரம் இருக்கலாம். ஓர் இடத்தில் மட்டும் எட்டு அடியாகத் தாழ்ந்திருந்தால் அதன் உயரம் எட்டு அடிதான். தண்ணீர் அந்த இடத்தைத் தேடி வரும்.

இரண்டாவது ஆபத்து, கரைக்குள் தண்ணீர் வழி தேடுவது. எலி, நண்டு, நரி ஆகியவை வளை தோண்டும். கரையான் புற்று கட்டும். பெரிய மரத்தின் வேர் கரைக்குள் நீளும். மரம் பட்டுப் போனால் வேர் மக்கும். வேர் இருந்த இடம் குழாய் போல ஆகிவிடும். தண்ணீர் அதில் நுழைந்து மண்ணை இழுத்து வரும். சிறிய துளை நாளுக்கு நாள் பெரிதாகும்.

ஆகவே கரையில் புல் வளரலாம். புல் மண்ணைப் பிடித்து வைக்கும். மரம் வளரக் கூடாது. கன்றாக இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும். பெரிய மரம் இருந்தால் பொறியாளரைக் கேட்காமல் வெட்டக் கூடாது. வளையைக் கண்டால் வாயை மட்டும் மூடினால் போதாது. உள்ளே வரை தோண்ட வேண்டும். ஈரக் களிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு இடித்து இறுக்க வேண்டும்.

நல்ல கசிவும் கெட்ட கசிவும்

எல்லா மண் அணையிலும் சிறிது தண்ணீர் கசியும். அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் எப்படிக் கசிகிறது என்று பார்க்க வேண்டும்.

கசியும் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். சிறிது நேரம் அப்படியே வையுங்கள். தெளிவாக இருந்தால் தண்ணீர் மட்டும் வருகிறது. அடியில் மண் படிந்தால் கரையின் மண் வெளியே வருகிறது. இது ஆபத்து.

கசிவின் அளவையும் பார்க்கலாம். ஒரு குடம் நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது? வாரம் ஒரு முறை பாருங்கள். அணையில் தண்ணீர் ஏறவில்லை. ஆனால் குடம் முன்பைவிட விரைவாக நிரம்புகிறது. அப்படியானால் உள்ளே துளை பெரிதாகிறது என்று பொருள்.

கலங்கல் தண்ணீர் வந்தால் என்ன செய்வது? அது வெளியே வரும் இடத்தைக் களிமண்ணால் அடைக்கக் கூடாது. அடைத்தால் தண்ணீர் உள்ளே தேங்கி வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். முதலில் மணல் போட வேண்டும். அதன் மேல் சரளை போட வேண்டும். அதற்கு மேல் கல் அடுக்க வேண்டும். சோறு வடிக்கும்போது கஞ்சி வெளியே போகிறது. சோறு பானையில் நிற்கிறது. அதுபோலத் தண்ணீர் வெளியே போகும். மண் உள்ளே நிற்கும்.

இது தற்காலிகப் பாதுகாப்புதான். உடனே அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்கிறபடி மதகைத் திறந்து தண்ணீரைக் குறைக்க வேண்டும். மிக விரைவாகக் குறைத்தால் உள்பக்கத்து ஈரக் கரை சரியும். அதனால் சீராகக் குறைப்பதே நல்லது.

கசிவு மளமளவென்று பெருகினால் யாரும் கரை அருகே நிற்கக் கூடாது. கீழே உள்ள மக்கள் எல்லோரும் மேட்டுக்குப் போக வேண்டும். முதியவர், நோயாளி, குழந்தைகளை முதலில் அனுப்ப வேண்டும். 112 என்ற எண்ணுக்குப் போன் செய்து உதவி கேட்கலாம். எந்த மேட்டுக்குப் போவது, யார் யாரை எழுப்புவது என்று மழைக்காலத்துக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். திவரேயில் கரை உடைந்தது இரவில் என்பதை மறக்கக் கூடாது.

யார் பொறுப்பு?

நாட்டில் 2021 ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகள் அதில் அடங்கும். 10 முதல் 15 மீட்டர் வரை உள்ள சில அணைகளும் அடங்கும். அதைவிடச் சிறிய அணைகள் அதில் வராது. ஆகவே சிறிய அணையை ஊரே கவனிக்க வேண்டும். கிராம சபைக் கூட்டத்தில் இதைப் பேசலாம்.

மழைக்கு முன் ஒரு முறை, மழைக்காலத்தில் அடிக்கடி, மழைக்குப் பின் ஒரு முறை கரையை நடந்து பார்க்க வேண்டும். ஆணும் பெண்ணும் சேர்ந்து போகலாம். கரைக்குக் கீழே துணி துவைப்பவர்களுக்கும் ஆடு மேய்ப்பவர்களுக்கும் புதிய ஈரம் முதலில் கண்ணில் படும். அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, தண்ணீர் மட்டம், கசிவு, வளை, வெடிப்பு எல்லாவற்றையும் எழுதுங்கள். பழுது பெரிதாக இருந்தால் மனு எழுதுங்கள். மனுவின் நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்குங்கள். வாயால் சொன்னதை இல்லை என்று சொல்லிவிடலாம். தேதி போட்டு எழுதியதை அப்படிச் சொல்ல முடியாது. கற்ற எழுத்து ஊரைக் காக்கவும் உதவும்.

சிந்தித்துப் பேசுங்கள்

1. உங்கள் ஊர் அணையின் கலிங்கு திறந்து இருக்கிறதா?
2. கரையில் மிகவும் தாழ்ந்த இடம் எது?
3. கரையில் வளையோ மரமோ இருக்கிறதா?
4. இரவில் கரை உடைந்தால் ஊர் மக்கள் எங்கே போவார்கள்?