கொறங்காட்டுச் சத்து எங்கே போகிறது?



போன மாதக் கூட்டத்தில் ஓர் அக்கா கேட்டார்: "குழுக்கடன் வாங்கி ஆடு புடிச்சேன். நாலு ஏக்கர் கொறங்காட்டைக் குத்தகைக்கு எடுத்தேன். மூணே வருசத்துல புல்லு போயிருச்சுங்க. மழை இல்லாததாலதானுங்களே?"

மழையும் ஒரு காரணம்தான். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கமும் அதே மழைதானே பெய்தது? அங்கே கொழுக்கட்டைப் புல் நிற்கிறதே!

காங்கயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கம் கொறங்காடு என்றால் எல்லோருக்கும் தெரியும். சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். மண்ணோ ஆழமில்லாத சரளை. இதற்கு யாரும் மூட்டை உரம் போடுவதில்லை. பிறகு சத்து எங்கிருந்து வருகிறது?

சுற்றிச் சுற்றித்தான் வருகிறது. மண்ணில் இருக்கும் சத்தைப் புல் எடுக்கிறது, புல்லை மாடும் ஆடும் தின்கின்றன. தின்றதில் பாலாகவும் கறியாகவும் தங்குவது கொஞ்சம்தான். மீதி வெளியே வந்துவிடும். மணிச்சத்து பெரும்பாலும் சாணத்தில், சாம்பல் சத்து பெரும்பாலும் மூத்திரத்தில், தழைச்சத்து இரண்டிலும் இருக்கும்.

அது எங்கே விழுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பகலெல்லாம் காட்டில் மேய்த்து, ராத்திரி வீட்டுக் கொட்டகையில் கட்டினால், பாதிச் சத்து கொட்டகைக்கு வந்துவிடும். அந்த எருவை வண்டிக் கணக்கில் விற்றால், காட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்கிறோம் என்று அர்த்தம். முடிந்த மாதங்களில் காட்டுக்குள்ளேயே பட்டி போடுங்கள். ஒரே இடத்தில் வேண்டாம், சில நாளுக்கு ஒருமுறை படலை நகர்த்திப் போடுங்கள். இல்லாவிட்டால் மர நிழலில் மட்டும் எரு குவிந்து கிடக்கும்.

புல்லை அறுத்து விற்பதும் அப்படித்தான். ஒரு டன் காய்ந்த புல்லோடு ஏறக்குறைய 10 கிலோ தழைச்சத்து வெளியே போகிறது. அரை மூட்டை யூரியாவுக்குச் சமம்! சாம்பல் சத்து அதைவிடக் கூடுதலாகப் போகும். காய்ந்த புல்லைக் கொளுத்தினால் தழைச்சத்து புகையோடு போய்விடும். "சாம்பல் உரம்தானே" என்பார்கள். நம்ம ஊர்க் காத்துக்கு அது எத்தனை நாள் நிற்கும்?

அடி ஒட்ட மேய்ப்பது எல்லாவற்றையும்விடக் கெடுதல். இலை போனால் வேர் சுருங்கும். வேர் மக்கித்தான் இந்த மண்ணுக்கு மக்குச் சத்தே கிடைக்கிறது. வெறும் தரையாகக் கிடந்தால், சத்துள்ள மேல்மண் அடுத்த பெருமழையில் ஓடிவிடும். காட்டை மூன்று நான்கு பாகமாகத் தடுத்து மாற்றி மாற்றி மேயுங்கள். அரைச் சாண் புல் நிற்கும்போதே அடுத்த பாகத்துக்கு ஓட்டிவிடுங்கள். வருடம் ஒரு பாகத்தை விதை கொட்டும்வரை சும்மா விடுங்கள்.

இடையில் முயல் மசால் விதைக்கலாம். அதன் வேர் முடிச்சு, காற்றில் உள்ள தழைச்சத்தை இழுத்துக் கொடுக்கும். விதைத்தோல் கெட்டியானது. கொதி தணிந்த சுடுநீரில் நாலைந்து நிமிடம் போட்டு எடுத்து, ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து மழைக்கு விதையுங்கள்.

இதையெல்லாம் சொன்னதும் அந்த அக்கா, "வருசக் குத்தகைக்காரி எதுக்குங்க காட்டைச் சும்மா விடோணும்? பலன் அடுத்தவங்களுக்குல்ல போகும்?" என்றார். நியாயமான கேள்வி. அதனால் மூன்று வருடத்துக்கு எழுத்தில் குத்தகை தரும்படி காட்டுக்காரரிடம் குழுவாகவே போய்க் கேட்டிருக்கிறார்கள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.